சோறில்லாத வீட்டில் ஒரு தைராய்டு

ஒரு நெல்லுக்கே 'செங்கல்பட்டு சிறுமணி' என்று பெயர் வாங்கிக் கொடுத்த ஊர் எங்களுடையது. இங்கே இருந்துகொண்டு "இனிமே நம்ம வீட்ல சோறு கிடையாது" என்று என் வீட்டுக்காரர் அறிவித்தபோது, தெருவில் ஒருவரும் நம்பவில்லை. நியாண்டர் செல்வன் எழுதியெழுதி, மாவுச்சத்தை ஒதுக்கும் பேலியோ உணவுமுறை தமிழ்நாடெங்கும் பரவிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் வீட்டுக்குத்தான் தாமதமாக வந்தது. வந்ததும் அரிசி டப்பாவில் பாதாம் குடியேறியது. காலையில் வெண்ணெய் மிதக்கும் காபி, மத்தியானம் காலிஃபிளவரைத் துருவி அதற்குச் சோறென்று ஒரு பெயர், ராத்திரி பன்னீர். 'முதலில் ரத்தப் பரிசோதனை' என்றுதான் பேலியோக்காரர்கள் சொல்வார்கள். இவர் நேரே பன்னீரில் ஆரம்பித்துவிட்டார்.

மாமல்லபுரம் போனாலும் இதே பேச்சு. கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை முன்னால் நின்று, "பல்லவனுக்கே தெரிஞ்சிருக்கு பாரு" என்றார். 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் அதே பாறை முன்னால்தான் நின்றார்கள். அவர்களுக்குக்கூட இது தோன்றியிருக்காது. அர்ச்சுனன் தபசில் எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நிற்கும் தவசியை எனக்கு உதாரணம் காட்டினார். அதே சிற்பத்தில் எலிகளைச் சுற்றி வைத்துக்கொண்டு தவசியைப்போலவே கை தூக்கி நிற்கும் பூனையை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். திருக்கழுக்குன்றத்தில் தொன்னை நிறையப் புளியோதரை வாங்கி, "பிரசாதம் கணக்குல வராது" என்றவர் அவர்தான்.

அவருக்குத் தொப்பை குறைந்தது, மறுக்கவில்லை. நானோ வருஷக்கணக்காகத் தைராய்டு மாத்திரை விழுங்குகிறவள். அக்னி நட்சத்திரத்தில் ஊரே மின்விசிறிக்கு அடியில் கிடக்க, நான் போர்வை தேடினேன். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. காலைக்கடன் நாள்கணக்கில் பாக்கி. கழுத்தில் யாரோ விரல் வைத்து லேசாக அமுக்குவதுபோல ஓர் இறுக்கம் வேறு. "எல்லாம் அந்தக் காலிஃபிளவர்தான்" என்றார் மாடி வீட்டு அக்கா. "உடம்பு பழகுது" என்றார் இவர்.

டாக்டர் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்து, "ஒரு வாய் வெச்சுக்கோங்கம்மா, நான் சொல்றப்போ முழுங்குங்க" என்று கழுத்தில் கைவைத்துப் பார்த்தார். கட்டி, வீக்கம் எதுவும் இல்லை. பிறகு விளக்கினார். மாத்திரையில் இருப்பது டி4 என்ற ஹார்மோன். உடம்பு அதை டி3 ஆக மாற்றினால்தான் வேலை நடக்கும். மாவுச்சத்தைத் தடாலென்று நிறுத்தினால், பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து உடம்பு டி3-ஐக் குறைத்துக்கொள்ளும். 1970களிலேயே ஆராய்ந்து கண்ட சங்கதியாம். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் சரியாக இருந்தாலும் இது நடக்கலாம். எடை மளமளவென்று குறைந்தாலே முடி கொட்டும் என்பது தனி.

"மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு காபி?" என்றார்.

"இவரே ரெண்டையும் ஒண்ணாதான் கொண்டாந்து குடுப்பாரு டாக்டர்."

ஒரு கையில் மாத்திரை, மறுகையில் வெண்ணெய்க் காபி. கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவர் தொடர்ந்து செய்த ஒரே பணிவிடை. அதற்கும் தடை வந்தது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை. காபிக்கு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நாலு மணி நேரம். காலிஃபிளவர் விடுதலையானது: பச்சையாகக் கிலோக்கணக்கில் தின்னாதவரை, வேகவைத்தால் பயமில்லை.

"வீட்ல என்ன உப்பு?"

"இந்துப்பு சார். இமயமலை உப்பு" என்று இவர் பெருமையாக நிமிர்ந்தார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். இமயமலை அடிவாரம் முழுக்க மண்ணில் அயோடின் குறைவு. அங்கே கழுத்துக் கழலை சர்வசாதாரணமாக இருந்தது. 1956-லிருந்து டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பு கொடுத்துப் பார்த்தார்கள், கழலை குறைந்தது. 1962-ல் அரசு தேசிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அப்படி அந்த மலைக்காரர்களுக்கு அயோடின் உப்பு அனுப்பிய நாட்டில், கேளம்பாக்கத்து உப்பளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான நாங்கள், அதே மலையின் பெயரில் அயோடின் இல்லாத உப்பை அதிக விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தோம். அந்த உப்புக்குப் பேர்போன கெவ்ரா சுரங்கம்கூட இமயமலையில் இல்லை. பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கிறது.

"அப்போ நம்ம கல்லுப்பு?" என்றேன். கடலில் விளைந்தாலும் உப்பில் அயோடின் இருப்பது சொற்பம்தானாம், தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். ஆயுசு முழுக்கச் சேர்த்தாலும் ஒரு டீஸ்பூனைத் தாண்டாது. "உங்களுக்கு மாத்திரையிலேயே ஹார்மோன் ரெடியா வந்துடுது. வீட்ல வேற யாரு இந்த உப்பு சாப்பிடறாங்க?"

பிரசவத்துக்கு வந்திருக்கும் எங்கள் மகள். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் இவர் முகம் வெளுத்துவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியிலேயே உப்பு மாறியது. மறுநாள் விடிவதற்குள் சதுரங்கப்பட்டினம் கிளம்பிப்போய்ப் பை நிறையச் சங்கரா மீன் வாங்கி வந்தார். கடல் மீனில் அயோடினும் உண்டு, அவருடைய பேலியோவிலும் அதற்கு இடமுண்டு.

இப்போது எனக்கு மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு அனுமதி. அந்தக் கிண்ணத்தை அவர் பார்க்கும் பார்வையில் தவசி பாதி, பூனை பாதி. டிஎஸ்எச் ஒரு வாரத்தில் அசைகிற ஆள் இல்லை என்பதால், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் திரும்ப ரத்தம் கொடுக்க வேண்டும்.

நீங்கள் எந்த டயட்டில் வேண்டுமானாலும் இருந்துகொள்ளுங்கள். டாக்டரைக் கேட்காமல் தைராய்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். உப்பு வாங்கும்போது பாக்கெட்டில் சிரிக்கிற சூரியன் படத்தைத் தேடுங்கள், அயோடின் சேர்த்ததற்கு அதுதான் அடையாளம். எங்கள் வீட்டில் இந்துப்பு இன்னும் கிலோக்கணக்கில் மீதி இருக்கிறது. வெந்நீரில் போட்டுக் கால் ஊறவைக்க வேண்டுமென்றால் செங்கல்பட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம்.