வாய்தா நாளில் நந்தி கல்யாணம்

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலின் நந்தி கல்யாணத் திருவிழா வேலையில் வாய்தாவுக்குப் போகவில்லை. என் வரப்புத் தகராறு வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். புதிதாக வழக்குப் போடலாமா?
— ஒரு வாசகர், திருமழபாடி

பதில்: நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள், முந்தித் தீர்ப்பு என்று யாரும் சொல்லவில்லையே! எதிராளி ஆஜராகி நீங்கள் வராமல் தள்ளுபடியானால், அதே விஷயத்துக்குப் புது வழக்குக் கிடையாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 9, விதி 9-இன்கீழ் தள்ளுபடியை ரத்து செய்யக் கோரி 30 நாளுக்குள் அதே கோர்ட்டில் மனுப் போடுங்கள். நாள் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரி இன்னொரு மனு. வராததற்குத் தகுந்த காரணத்தைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். அதில் ‘கடும் காய்ச்சல்’ என்று எழுதிவிட்டு, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் மாலையும் சந்தனமுமாக நிற்காதீர்கள். எதிராளியின் மச்சானும் அந்தக் குரூப்பில் இருப்பார். வழக்கை விசாரித்துத் தள்ளியிருந்தால் விதி 9 மனு செல்லாது, மேல்முறையீடுதான்.