சகலைக்கு இங்கிலீஷ்ல என்னங்க?

கேள்வி: பெங்களூரில் எங்கள் அமெரிக்க மேனேஜரிடம், என் சம்சாரத்தின் தங்கச்சி வீட்டுக்காரரை 'மை கோ-பிரதர்' என்று அறிமுகப்படுத்தினேன். 'எந்தத் திருச்சபை?' என்று கேட்கிறார். என் இங்கிலீஷில் தப்பா? (ஆத்தூர் வாசகர்)

பதில்: தப்பில்லை, எல்லைதான் பிரச்சினை. 'கோ-பிரதர்' சேலத்தில் செல்லும், ஹைதராபாத்திலும் செல்லும். கப்பல் ஏறினால் செல்லாது. அங்கே சகலை, மச்சான், கொழுந்தன், மச்சாண்டார், அக்கா வீட்டுக்காரர் எல்லாருமே 'பிரதர்-இன்-லா'தான். நம்ம பக்கம் கொழுந்தனை வாய்க்கு வந்தபடி கேலி செய்யலாம். மச்சாண்டார் திண்ணைக்கு வந்தால் பேச்சு தானாக அடங்கும். இரண்டு பேருக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்களோ! அடுத்த முறை 'வீ ஆர் மேரீட் டு சிஸ்டர்ஸ்' என்று சொல்லுங்கள். உடனே புரியும், கொஞ்சம் அனுதாபமும் கிடைக்கும்.

கேள்வி: என் மகள் கட்டுரையில் 'கசின் பிரதர்' என்று எழுதினாள். டீச்சர் 'பிரதர்' மேல் சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டார். (ராசிபுரம் வாசகி)

பதில்: பரீட்சையில் 'கசின்' போதும், டீச்சரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் பாப்பா பக்கமும் நியாயம் இருக்கிறது. பெரியப்பா மகன் அண்ணன். மாமன் மகன் முறைமாப்பிள்ளை. இங்கிலீஷுக்கு இரண்டு பேருமே 'கசின்'. மாரியம்மன் பண்டிகையில் கூட நடந்து வருகிற பையன் யாரென்று நாலு பேர் கேட்கும்போது, 'பிரதர்' என்ற அந்த வால்தான் வதந்திக்குத் தடுப்பூசி.

இந்த விவகாரத்தை 1871இல் பெரிய புத்தகமாகவே போட்டவர் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர். நியூயார்க் மாநிலத்துச் செனெகா பழங்குடியினர் அப்பாவின் அண்ணன் தம்பியையும் அப்பா என்றார்கள், அம்மாவின் அக்கா தங்கையையும் அம்மா என்றார்கள். தமிழர்களும் அதே கணக்கில் போகிறார்கள் என்று தெரிந்ததும் மனிதர் அசந்துபோனார். செவ்விந்தியர்களின் மூதாதையர் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு அதையே சாட்சியாக நிறுத்தினார். பங்காளிச் சண்டையும் கூடவே போனதா என்று யாராவது அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: சம்பந்திக்கு இங்கிலீஷில் என்ன? (திருச்செங்கோடு வாசகர்)

பதில்: உங்கள் ஊர்ப் பக்கம் இருந்த ஒருவரையே கேட்டிருக்கலாம். சேலத்தில் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்துவிட்டு, 1925இல் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி. மகாபாரதத்தை இங்கிலீஷில் எழுதியவருக்கே இந்த உறவு வாய்த்தது. அவர் மகள் லட்சுமியும் காந்தியின் மகன் தேவதாஸும் விரும்பினார்கள். அப்பாக்கள் இரண்டு பேரும், ஐந்து வருஷம் பிரிந்திருங்கள், அப்புறமும் இதே மனசு இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். பிள்ளைகள் அசையவில்லை. 1933இல் பூனாவில் கல்யாணம்.

இங்கிலீஷ்காரர் இந்த உறவைச் சொல்ல வேண்டுமானால், இவர் மகளை அவர் மகன் கட்டினார் என்று முழு வாக்கியம் செலவழிக்க வேண்டும். நீங்களும் அப்படியே செலவழியுங்கள். ஆனால் ராஜாஜியைப் பற்றிக் காந்தி சொன்னது நல்ல இங்கிலீஷ்: 'கீப்பர் ஆஃப் மை கான்ஷியன்ஸ்'. என் மனசாட்சிக்குக் காவல்காரர் என்று! சம்பந்தியை இப்படி மெச்ச மகாத்மாவால்தான் முடியும்.

கேள்வி: லாரி பாடி கட்டும் பட்டறைக்குக் கடன் கேட்டபோது, நானும் பார்ட்னரும் 'திக் அஸ் தீவ்ஸ்' என்று மேனேஜரிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது. (நாமக்கல் வாசகர்)

பதில்: கடன் கொடுப்பவர் முன்னால் திருடனை எதற்கு இழுக்கிறீர்கள்? 'வீ கோ பேக் எ லாங் வே' போதும். அதே போல, பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொள்வதை 'லைக் எ ஹவுஸ் ஆன் ஃபயர்' என்பார்கள். மாமியாரும் புது மருமகளும் அப்படி இருக்கிறார்கள் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். பாதிப் பேர் தண்ணீர்க் குடத்தோடு வருவார்கள். மீதிப் பேர், எதிர்பார்த்ததுதானே என்பார்கள்.

கேள்வி: வெளிநாட்டுக் கம்பெனி இன்டர்வியூவில் 'டெல் மீ அபௌட் யுவர் கம்யூனிட்டி' என்றார்களாம். என் மகன் கம்யூனிட்டி சர்டிபிகேட்டை எடுத்து நீட்டியிருக்கிறான். (சங்ககிரி வாசகர்)

பதில்: பையன் மேல் குற்றமில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள் முதல் அந்தச் சொல்லுக்கு அவன் பார்த்த அர்த்தம் தாலுகா ஆபீஸ் கொடுத்ததுதான். கேட்டவருக்கு வேண்டியது சாதியில்லை. ஒரு இக்கட்டு என்றால் யார் ஓடி வருவார்கள் என்பது. 'டைட்-நிட்' என்று மனப்பாடம் ஒப்பிப்பதைவிட, நம்ம ஊர் சங்கதி ஒன்றைச் சொல்லட்டும். நாக்பூர் தாண்டி நடுராத்திரியில் ஒரு லாரி ஆக்சில் உடைந்து நிற்கிறது. பின்னால் வருகிற வண்டிக்காரர் நம்பர் பிளேட்டில் டிஎன் 28 என்றோ டிஎன் 34 என்றோ பார்த்ததும் ஓரங்கட்டுகிறார். இறங்கியதும் முதல் கேள்வி 'எந்த ஊருங்க?' இரண்டாவது 'சாப்பிட்டீங்களா?' மூன்றாவதுதான் ஆக்சில். 'தே லுக் அவுட் ஃபார் ஈச் அதர்' என்று முடித்துவிடலாம். நாலாவதாக, 'அந்த ஊர்ல யாரு வூட்டுப் பையன்?' என்று நூல்விட்டுச் சாதியைத் துழாவுவதும் உண்டு. அதை இன்டர்வியூவில் சொல்ல வேண்டாம். ஊரில் நிறுத்திக்கொண்டால் நல்லது.

கேள்வி: மொய்க் கவரில் இங்கிலீஷில் என்ன எழுதினால் நெருக்கம் தெரியும்? (எடப்பாடி வாசகி)

பதில்: 'வித் லாட்ஸ் ஆஃப் லவ்' என்று பூப்போட்டு எழுதுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் இன்ஷியல், பெயர், ஊர், தொகை நாலும் தமிழில் இருக்கட்டும். மொய் எழுதுகிறவர் 501 ரூபாயை 'லவ்' பேரில் வரவு வைத்துவிட்டால், உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அது திரும்பி வராது.