‘ஏடி’ என்றால் ‘ஓகே’

டயல்-அப் மோடத்தை ‘ஏடி’ என்றுதான் கூப்பிட வேண்டும். 1981-இல் ஸ்மார்ட்மோடத்தைக் கொண்டுவந்த ஹேய்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், ‘அட்டென்ஷன்’ என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளை ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளுக்கும் முன்னால் வைத்தது. தமிழில் அது எப்படி ஒலிக்கும் என்று அவர்கள் யோசித்திருக்க நியாயமில்லை. மோடமும் கோபித்துக்கொள்ளாமல் ‘ஓகே’ என்கிறது. பதிலே வராவிட்டால் போர்ட் எண் தவறு, அல்லது ஒயர் கழன்றிருக்கிறது.

மெட்ராஸ்வாசிகளுக்கு விஎஸ்என்எல் வழியாக இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. இணைப்புக்கு மணிக்கணக்கு, அதற்கு மேல் டெலிபோன் பில் தனி. ஆகவே மோடத்தின் வேகம் குடும்ப பட்ஜெட் விவகாரமாயிற்று.

வேகத்தைக் கூட்ட முதல் வேலை, மோடத்தின் பழைய அமைப்புக் குழப்பங்களை அழிப்பது. யூஎஸ் ரோபாட்டிக்ஸ் மோடத்துக்கு ஏடி&எஃப்1 போதும். அடுத்து, கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகத்தை விநாடிக்கு 115,200 பிட்டில் வைக்க வேண்டும். 1998-இல் வந்த வி.90 மோடமே 56,000-க்கு மேல் போகாதே என்று கேட்கலாம். வி.42பிஸ் முறை எழுத்துக் கோப்புகளை நான்கில் ஒரு பங்குவரை சுருக்கும். விரியும்போது உள்வாங்க இடம் வேண்டும். ஜிப் கோப்புக்கு மட்டும் இதில் பலனில்லை. பிழிந்த துணியை மறுபடி பிழிந்து என்ன பயன்?

உண்மையான வில்லன் சீரியல் போர்ட்டுக்குள் இருக்கிறான். பழைய 8250 சில்லு ஒரே ஒரு பைட்டைத்தான் கையில் வைத்திருக்கும். விண்டோஸ் கொஞ்சம் அசந்தால் அடுத்த பைட் முந்தையதன் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். 16550ஏ சில்லு 16 பைட் தாங்கும். வி.42 பிழைதிருத்தம் இரண்டு மோடங்களுக்கு நடுவே மட்டுமே காவல் காக்கும். வீட்டுக்குள் தொலைந்த பைட்டுக்கு அது பொறுப்பல்ல. பழி என்னவோ லைன்மேன் மேல்தான்.

‘நிறுத்து’, ‘அனுப்பு’ என்று சொல்ல ஆர்டிஎஸ்/சிடிஎஸ் என்ற தனிக் கம்பிகளையே பயன்படுத்த வேண்டும். எக்ஸான்/எக்ஸாஃப் முறை அந்தச் சைகைகளைத் தரவோடு கலந்து அனுப்பும். படக் கோப்பில் தற்செயலாக அதே பைட் வந்தால், யாரோ நிறுத்தச் சொன்னதாக நினைத்து எல்லாம் நின்றுவிடும்.

எக்ஸ்சேஞ்சின் டயல் டோன் மோடத்துக்குப் புரியாவிட்டால் ஏடிஎக்ஸ்3 போட வேண்டும்; அதற்குக் காத்திராமல் டயல் செய்யும். பழைய எக்ஸ்சேஞ்சாக இருந்தால் டோன் டயலுக்கான ஏடிடிடிக்குப் பதில் பல்ஸ் டயலுக்கான ஏடிடிபி. ராத்திரியில் அக்கம்பக்கத்தார் தூங்க ஏடிஎம்0. ஸ்பீக்கர் வாய் மூடும், பணம் வராது.

லைன் கணநேரம் தடுமாறினால் இணைப்பு அறுந்துபோகாமலிருக்க எஸ்10=50. ஐந்து விநாடிவரை மோடம் பொறுத்துக்கொள்ளும். கூடத்திலுள்ள பேரலல் போனைப் பாட்டி எடுப்பதற்குத்தான் ஹேய்ஸ் கட்டளை எதுவும் வகுக்கவில்லை. பாட்டி ரிசீவரைக் காதில் வைத்து, “யாருங்க? ஒண்ணுமே கேக்கலியே, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க” என்கிறார். ஆறாவது விநாடியில் மோடம், “நோ கேரியர்.”