ஐந்து மில்லிமீட்டர் பாக்கி

எங்கள் குடும்பத்தில் ஆள் குறையக் குறையக் கார் பெருத்துக்கொண்டே வந்திருக்கிறது. மும்பை தாராவி 90 அடி ரோட்டில் தோல் வியாபாரம் பார்த்த பெரியப்பா, எண்பதுகளின் கடைசியில் ஒரு வெள்ளை மாருதி 800 வாங்கினார். பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய நாலு பிள்ளைகள், வேலை தேடித் திருநெல்வேலியிலிருந்து வந்து அதைத் தேடாமலே தங்கிவிட்ட சித்தப்பா, போதாததற்கு நான். "ஏலே, காலை மடக்குல, இன்னும் ஒராளு உட்காரலாம்" என்பார் பெரியப்பா. அந்த இன்னும் ஒராள் எப்போதும் கிடைத்துவிடுவார்.

இப்போது செம்பூர் சேடா நகரில் என் மகன் ஒரு எஸ்யூவி வைத்திருக்கிறான். பெயர் வேண்டாம், வண்டி கோபித்துக்கொள்ளும். அதில் போவது அவனும் அவனுடைய லேப்டாப் பையும். பைக்கு சீட் பெல்ட் போடவில்லை என்று வண்டி கத்துகிறது. எங்கள் எட்டுப் பேருக்கும் பெல்ட் போடச் சொல்லி அந்த மாருதி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

மாருதி 800 என்பது சுஸுகியின் ஜப்பான் கார்தான். குர்கானில் 1983 டிசம்பரில் பிறந்து ஞானஸ்நானம் பெற்றது. நீளம் 3,335 மில்லிமீட்டர், அகலம் 1,440. அதே நிறுவனத்தின் இன்றைய கிராண்ட் விடாரா 4,345க்கு 1,795. ஒரு மீட்டர் நீளம், ஒரு அடிக்கு மேல் அகலம் கூடியிருக்கிறது. 90 அடி ரோடு மட்டும் ஒரு அங்குலம் கூட வளரவில்லை. அது பெயரில்தான் 90 அடி. டெம்போ, தள்ளுவண்டி, கடைக்கு வெளியே வந்துவிட்ட கடை எல்லாம் போக மிஞ்சுகிற சந்தில் 800 நுழைந்து வெளியே வந்துவிடும்.

எடை சுமார் 650 கிலோ. ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ் வாசலில் டோக்கனுக்காக நிற்கும்போது, யாராவது நம் வண்டியை மறித்து அவருடைய 800ஐ நிறுத்திவிட்டால் ஹாரன் அடிக்கத் தேவையில்லை. வரிசையில் நிற்பவர்கள் நாலு பேர் பின்பம்பரைப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி, தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி வரிசையில் வந்து நின்றுகொள்வார்கள். இன்றைக்கு அதற்கு கிரேன் வேண்டும். கிரேன் வந்தால் அதை நிறுத்த இடம் வேண்டும்.

குறை சொல்லாமல் புகழ்ந்தால் பாவம். 800க்கு ஏர்பேக் கிடையாது. கதவு அப்பளத்தைவிடக் கொஞ்சம் தடிமன். கார்கள் பெருத்ததற்கு நியாயமான காரணமும் உண்டு: மோதினால் முன்பகுதி நசுங்கி உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வேண்டும், பக்கவாட்டில் கம்பி வேண்டும், ஏர்பேக்குக்கு இடம் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புது மாடல் பழையதைவிட நாலு விரல் கூடுதலாக இல்லாவிட்டால் வாங்குகிறவனுக்கு மனசு ஆறாது என்பது வேறு காரணம். 1981இல் ஜப்பானில் வந்த முதல் ஹோண்டா சிட்டி 3.4 மீட்டருக்கும் குறைவு. அதன் டிக்கியில் மடித்து வைக்கவென்றே மோட்டோகாம்போ என்று ஒரு குட்டி பைக்கும் விற்றார்கள். இப்போது நம் ஊரில் ஓடும் சிட்டி நாலரை மீட்டரைத் தாண்டிவிட்டது. பைக்கைக் காணோம். எனக்கோ, எங்கோ டாக்ஸி ஸ்டாண்ட் பக்கம் காரை விட்டுவிட்டு வீட்டுக்கு வர அந்த பைக் இன்றைக்குத்தான் தேவைப்படுகிறது.

இந்த வளர்ச்சிக்கு நம் நாட்டில் கடிவாளம் போட்டவர் ஒரு தமிழர். 2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம், நாலு மீட்டருக்கு மேல் போகாத, எஞ்சினும் சிறியதாக உள்ள கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். அதிலிருந்து இந்தியக் கார்களுக்கு வினோதமான ஒழுக்கம் வந்துவிட்டது. எவ்வளவு சாப்பிட்டாலும் 3,995 மில்லிமீட்டரில் நின்றுவிடும். 2008இல் 4,160 இருந்த ஸ்விஃப்ட் டிசையரை 2012இல் வாலை நறுக்கி 3,995க்குள் உட்கார வைத்தார்கள். ஐந்து மில்லிமீட்டர் பாக்கி வைப்பது அளவுநாடா ஏமாற்றினாலும் வரி ஏமாற்றாதிருக்க. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோதும் கோடு அதே நாலு மீட்டர்தான்: இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40.

நீளத்துக்கு வரி போட்டவர்கள் அகலத்தை விட்டுவிட்டார்கள். என் வேதனை முழுக்க அகலத்தில்தான். எங்கள் பில்டிங் ரீடெவலப்மெண்டுக்குப் போய் இருபது மாடியாகத் திரும்பி வந்தது. கூடவே இரும்புத் தட்டில் காரை ஏற்றி மேலே தூக்கும் பார்க்கிங். தட்டில் வண்டி ஏறிவிடும். கதவு ஒரு சாண்தான் திறக்கும். "பேட் அந்தர் லேலோ, சாப்" என்று வாட்ச்மேன் வயிற்றை எக்கச் சொல்கிறார். கார் பெருத்தால் ஓட்டுகிறவன் மெலிய வேண்டும் என்பதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை.

ஜப்பான்காரன் விவரமானவன். அங்கே பெரும்பாலான நகரங்களில், வண்டி நிறுத்த இடம் இருப்பதாகப் போலீஸ் சான்றிதழ் வாங்கினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். கேய் என்ற குட்டிக் கார் வகைக்கு உச்ச அளவு 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம். பெரியப்பாவின் 800 இன்றைக்கும் அந்தச் சட்டைக்குள் நுழையும். 796 சிசி எஞ்சின் மட்டும்தான் வரம்பைத் தாண்டும்.

குர்லாவில் செய்த பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றபோது மும்பையே உருகியது. 800க்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. புகை விதி மாறியதால் 2010 ஏப்ரலோடு இந்த ஊரில் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் தயாரிப்பே நின்றது. எங்கள் வீட்டில் மட்டும் பெரியம்மா ஒரு வேளை சாப்பிடவில்லை.

செம்பூர், மாட்டுங்கா பக்கம் யாராவது 800 வைத்திருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்குச் சொல்லியனுப்புங்கள். பசுமை வரியை நான் கட்டிக்கொள்கிறேன். ஏசி வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, ஆர்.சி. புத்தகம் சரியாக இருந்தால் போதும்.