எட்டாங்கிளாஸா? லேட் ஆயிடுத்தே!

எங்கள் கேரளத்து ஸ்ரீவராகத்தில் ஒரு பையன் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான் என்று தெரிந்தால், "நன்னா படிக்கறானா?" என்று இப்போது யாரும் விசாரிப்பதில்லை. "என்ட்ரன்ஸுக்கு எங்கே சேர்த்திருக்கேள்?" என்றுதான் கேட்கிறார்கள். இன்னும் சேர்க்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள். கோயில் நடையில் பிரசாதத்துக்கு நிற்கிற மாமியின் குரல் துக்கம் விசாரிக்கிற சுருதிக்கு இறங்கிவிடும். "எட்டாச்சேடீ! ஆறுலேயே ஃபவுண்டேஷன் போட்டிருக்கணுமே!" பக்கத்தில் நிற்கிற பையனுக்கு வயது பதிமூன்று. அவன் ஆயுள் வீணாய்ப் போன சேதி அவனுக்கு அங்கேயே அறிவிக்கப்படுகிறது.

இரணியாட்சனிடமிருந்து பூமியை மீட்டுத் தூக்கிவந்தவர் இந்த ஊர்ப் பெருமாள். அந்தப் பாரத்துக்கு அவரே ஓர் அவதாரம் எடுக்க வேண்டியிருந்தது. நாம் அதே பாரத்தை ஸ்கூல் பையில் திணித்து, பல் தேய்த்தும் தேய்க்காமலும் ஒரு பொடியனை விடியற்காலை வேனில் ஏற்றிவிடுகிறோம்.

கோச்சிங் மையத்தில் அவன் என்ன கற்கிறான்? ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கோடு தாண்டாமல் கறுப்பாக்கக் கற்கிறான். சரியான விடைக்கு நாலு மார்க், தப்புக்கு ஒரு மார்க் கழிவு. ஆகவே சந்தேகம் வந்தால் தொடாதே, அடுத்த கேள்விக்குப் போ. சந்தேகம் வந்த இடத்தில் நின்று யோசிப்பதைத்தான் உலகம் இதுவரை அறிவியல் என்று சொல்லிவந்தது. அந்தக் கெட்ட பழக்கத்தைப் பதிமூன்று வயதிலேயே கிள்ளி எறிவதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள், அதுவும் தவணை முறையில்.

சரி, கணக்குப் பண்ணுவோம். 2024இல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். நாட்டில் அப்போது எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறக்குறைய 1 லட்சத்து 8 ஆயிரம். அதில் பாதியளவுதான் அரசுக் கல்லூரிகளில். அதே ஆண்டு ஜே.இ.இ. மெயின் எழுதியவர்கள் 14 லட்சம் பேர், எல்லா ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இடம் 17,740. இந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் பிளஸ் ஒன்னில் படிக்கத் தொடங்கினாலும் இடம் அவ்வளவுதான். எட்டிலோ ஆறிலோ தொடங்கினாலும் அவ்வளவுதான். அம்மா வயிற்றிலேயே மாட்யூல் புத்தகத்தைப் பிரித்து வைத்தாலும் ஒரு சீட் கூடாது. கூடுவது கட்டணம் கட்டும் வருஷங்கள் மட்டுமே. இரண்டு வருஷ வியாபாரத்தை ஏழு வருஷ வியாபாரமாக நீட்டியவன் சந்தேகமில்லாமல் மேதை. இவ்வளவு எளிய கழித்தல் வகுத்தலை, என்ஜினீயர் அப்பாக்களும் பாங்க் ஆபீசர் அம்மாக்களும் நிறைந்த தெருவில் ஒருவரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அரசாங்கம் சும்மா இருக்கிறதா? இல்லையே! 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் கோச்சிங் மையங்கள் சேர்க்கக் கூடாது; பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த பிறகே சேர்க்க வேண்டும். ரேங்க் வாங்கித் தருவோம் என்று உத்தரவாதம் தரக் கூடாது. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது. வார விடுமுறைக்கு மறுநாள் டெஸ்ட் வைக்கக் கூடாது. படிக்கப் படிக்கக் கண்ணில் நீர் வருகிறது, அவ்வளவு கருணை. அமல்படுத்தும் பொறுப்பை மாநிலங்களிடம் தள்ளிவிட்டுக் கருணை தூங்கப் போய்விட்டது. வார விடுமுறைக்கு மறுநாள் டெஸ்ட் வைக்காமல் இருப்பது சுலபம்: விடுமுறை நாளிலேயே வைத்துவிட்டால் போயிற்று. இன்னொரு வேடிக்கை பாருங்கள். பள்ளிக்கூடப் படிப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கோச்சிங்குக்கு 18 சதவீதம். சேர்க்காதே என்கிறது ஓர் அமைச்சகம். சேர்த்துவிட்டாயா, என் பங்கை எடுத்து வை என்கிறது இன்னொன்று.

ஏழு வருஷம் உருப்போட்டு வருகிற பிள்ளைக்குத் தேர்வாவது யோக்கியமாக நடக்கிறதா? 2024 நீட்டில் 67 பேர் 720க்கு 720. வினாத்தாள் கசிந்தது, கருணை மதிப்பெண் கொடுத்தார்கள், பிறகு பிடுங்கினார்கள். ஓர் இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடையும் சரி என்றார்கள். உச்ச நீதிமன்றம் தில்லி ஐ.ஐ.டி.யைக் கேட்டு, ஒன்றுதான் சரி என்று முடிவு கட்டவேண்டி வந்தது. திருத்திய பட்டியலில் முழு மார்க் 17 பேருக்கு. தப்பு விடைக்கு ஒரு மார்க் கழிக்கிற தேசியத் தேர்வு முகமைக்கு மட்டும் மார்க் கழிக்க ஆள் இல்லை.

தில்லியைச் சொல்வானேன், நம் கேரளத்துக் கதையே இருக்கிறது. 2025இல் மாநில நுழைவுத்தேர்வான கீமின் ரேங்க் பட்டியல் வெளியிடும் வேளையில், மார்க்கைச் சமன்செய்யும் சூத்திரத்தை அரசு மாற்றியது. ஜூலை 9 அன்று உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை ரத்து செய்ய, மறுநாளே பழைய சூத்திரத்தில் புதிய பட்டியல் வந்தது. முந்தின நாள் லட்டு கொடுத்த வீடுகளில் மறுநாள் அடுப்பு எரியவில்லை. பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே தயாராக வேண்டுமாம். பரீட்சை நடத்துகிறவர்கள் ரிசல்ட் அன்றைக்குத் தயாரானால் போதுமாம்.

கோச்சிங்குக்குப் பெயர்போன கோட்டாவில் 2023இல் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். மாவட்ட நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? விடுதி அறைகளின் மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்தச் சொன்னது. பாடத்திலும் மணி நேரத்திலும் கை வைக்க வேண்டிய நேரத்தில் மின்விசிறியில் வைத்தது. பிள்ளையின் கழுத்தில் கயிறு வருவதற்கான காரணத்தை விட்டுவிட்டு, கயிறு மாட்டும் கொக்கியைச் சரிசெய்த இந்த நிர்வாகத் திறமைசாலிகளும் ஒரு என்ட்ரன்ஸ் எழுதித்தான் வந்திருப்பார்கள்.

நம் தெருவுக்கு அந்தக் கதி வராது என்கிற தைரியத்தில் இருக்கிறோம். மே மாதம் வந்தால் அட்டக்குளங்கரை வரை ஃபிளெக்ஸில் சிரிக்கிற முகங்களை எண்ணிப் பார்த்து மயங்குகிறோம். சிரிக்காத முகங்களுக்கு ஃபிளெக்ஸ் அடிப்பதென்றால் நகரத்தில் கம்பம் போதாது.

அதனால் பெற்றோர்களே, ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த முறை கட்டணம் கட்டப் போகும்போது, ரசீதில் பிள்ளையின் வயதையும் வகுப்பையும் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதிக் கொடுக்க மாட்டார்கள். பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு பையனை வீட்டுக்குக் கூட்டிவாருங்கள்.