உதை வரும் முன்னே, ஓசை வரும் பின்னே

பெறுநர்: ப்ளூடூத் சிறப்பு ஆர்வக் குழு, கிர்க்லாண்ட், வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா.

அனுப்புநர்: ஒயரைத் துறந்த பெங்களூர்த் தமிழர்கள் சார்பில் ஒருவன்.

பொருள்: தாமதத்தை அட்டைப்பெட்டியில் அச்சிடக் கோருதல் – தொடர்பாக.

மாண்புமிகு குழுவினருக்கு,

பி.டி.எம். லேஅவுட் பி.ஜி. அறைகளில் ஞாயிறு மத்தியானங்களில் லேப்டாப்பில் ‘கரகாட்டக்காரன்’ ஓடுவதுண்டு. கவுண்டமணி அடிக்கிறார், செந்தில் துள்ளுகிறார், சாவகாசமாக அடி விழுந்த சத்தம் ப்ளூடூத் ஹெட்போனுக்கு வந்து சேருகிறது. 1989-இல் படம் எடுத்தவர்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் சேர்த்திருந்தார்கள்.

காரணம் எங்களுக்கும் தெரியும். கம்ப்யூட்டர் ஒலியைச் சுருக்கிப் பொட்டலம் பொட்டலமாக அனுப்புகிறது. 79 அலைவரிசைகளில் நொடிக்கு 1,600 முறை தாவித் தாவி அவை வருகின்றன. அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் மாடிக்கு மாடி வைஃபை; பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். வழியில் தொலைந்த பொட்டலம் மறுபடி வரும்வரை பாட்டு அறுந்துவிடக் கூடாதே என்று ஹெட்போன் கொஞ்சம் ஒலியைக் கையிருப்பில் வைத்துக்கொள்கிறது. பாட்டு கேட்க அருமையான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் மொத்தத்தில் 200 மில்லிநொடிவரை போய்விடுகிறது. காற்றில் ஒலி அந்த நேரத்தில் சுமார் 68 மீட்டர் போய்விடும். திரையிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளிப் போனால் தியேட்டர் முடிந்து டூவீலர் ஸ்டாண்டு வந்துவிடும்.

ஒலி 125 மில்லிநொடி பிந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எழுதி வைத்தது 1998-இல். தங்கள் குழு பிறந்ததும் அதே 1998-இல். அந்தக் காகிதமும் ப்ளூடூத்தில் அனுப்பப்பட்டதோ என்னவோ.

படம் பார்ப்பவனுக்காவது வழி உண்டு. வி.எல்.சி.யில் ஜே விசையை ஒருமுறை தட்டினால் ஒலி 50 மில்லிநொடி முன்னால் நகரும். நான்கு தட்டு தட்டினால் செந்திலுக்கு நியாயம் கிடைக்கும். கம்ப்யூட்டரில் கீபோர்டு வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு எந்த விசையைக் காட்டுவது? அவள் விரல் இனிமேல்தான் விழப்போகிறது. அதன் ஓசையை யாரால் முன்கூட்டியே அனுப்ப முடியும்? ஆபீஸ் மீட்டிங்கில் ஹெட்போன் மைக்கைத் திறந்தாலோ வேறு கூத்து. அதுவரை ஸ்டீரியோவில் இழைந்த இளையராஜா, அந்தக் கணமே பழைய டிரங்க்காலில் பாட ஆரம்பித்துவிடுகிறார்.

இதற்கெல்லாம் மருந்தாக எல்.இ. ஆடியோ என்ற புதிய முறையை 2020 ஜனவரியில் அறிவித்தீர்கள். வரையறைகள் முழுமையானது 2022-இல். தாமதத்தைக் குறைக்கும் திட்டமும் மரபு மீறாமல் வந்தது. பழைய லேப்டாப்புக்கு அது எட்டாது. ஹெட்போன், கம்ப்யூட்டர் இரண்டும் புதிதாக வாங்க வேண்டும். இவற்றிலுள்ள சில்லுகளுக்கு மென்பொருள் எழுதுபவர்கள் பலர் இதே ஊரில்தான் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குப் பெருமை.

சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம் நிற்கிறவர்கள் கால் நொடிக்கா குதிக்கிறீர்கள் என்று தாங்கள் கேட்கலாம். அங்கே எத்தனை நிமிடம் ஆகும் என்பதை மேப் முன்னாடியே சொல்லிவிடுகிறது. ஹெட்போன் பெட்டியிலோ அதிகபட்ச சில்லறை விலை இருக்கிறது, தயாரித்த மாதம் இருக்கிறது, 40 மணி நேர பேட்டரி என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எத்தனை மில்லிநொடி பிந்தும் என்பதை மட்டும் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைக்கச் சொல்லவில்லை ஐயா, அம்மணி. அந்த எண்ணை அச்சிட்டாலே போதும். ‘கேம் மோட்’ என்று மின்னல் படம் போடுவதை எண்ணாக ஏற்க இயலாது.

பதில் வரும்வரை எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்கு வாங்கியதை வைத்துச் சமாளிக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காது.

இணைப்பு: ஒயர், ஒன்றே கால் மீட்டர். பேரிங் தேவையில்லை.