மேட்சிங் சென்டரில் ஒரு ரயில் பெட்டி

ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21,337 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 24.5 சென்டிமீட்டர் வரும். ரயில் பொம்மைக்காரர்கள் ஹெச்.ஓ. அளவு என்று சொல்வது இதைத்தான். (‘பொம்மை’ என்று நான் சொல்லலாம். நீங்கள் சொன்னால் சண்டைக்கு வருவேன்.) இந்த 24.5 சென்டிமீட்டருக்குள் ஜன்னல் அறுத்து, ஜன்னலுக்குக் கம்பி வைத்து, கூரையில் காற்றுக் குமிழ்களை வரிசையாக ஒட்டுகிற வரை எனக்குப் பொறுமைக்குப் பஞ்சமில்லை. நீலம் அடிக்கிற கட்டம் வந்ததும்தான் வீட்டில் நிம்மதி போனது.

உங்களுக்குத் தெரிந்த நீலம்தான். வைகையிலோ பாண்டியனிலோ போயிருப்பீர்கள். உடம்பு முழுக்கக் கருநீலம், ஜன்னல் வரிசையில் வெளிர்நீலப் பட்டை. கண்ணை மூடினால் அப்படியே தெரிகிறது. கண்ணைத் திறந்து ஷேடு கார்டைப் பார்த்தால் எதுவுமே அது இல்லை.

பெயிண்ட் கடைக்காரர் முதலில் கேட்டது, “உள் சுவருக்கா சார், வெளிச் சுவருக்கா?”

ரயிலுக்கு என்றேன். அதற்கப்புறம் அவர் என்னை சார் என்று கூப்பிடவில்லை.

“எத்தனை லிட்டர் வேணும்?”

“இருபது மில்லி.”

டின்ட்டிங் மெஷினில் ஒரு லிட்டருக்குக் குறைந்து கலக்க முடியாதாம். ஒரு லிட்டர் கிடைத்தால் நான் தெற்கு ரயில்வே மொத்தத்துக்கும் இரண்டு கோட்டிங் அடித்துவிட்டு, மிச்சத்தைத் தென்மத்திய ரயில்வேக்கு அனுப்பி வைப்பேன்.

நிறத்துக்கெல்லாம் அரசாங்கத்தில் எண் உண்டு. ஐ.எஸ். 5 என்று இந்தியத் தரப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஸ்கை ப்ளூ 101, ஆக்ஸ்போர்டு ப்ளூ 105, ஃபிரெஞ்ச் ப்ளூ 166. சிவப்பில் சிக்னலுக்கு 537, தபால் பெட்டிக்கு 538. தபால் பெட்டியைப் பார்த்து எந்த டிரைவரும் வண்டியை நிறுத்திவிடக் கூடாதே என்று யாரோ ஒரு அதிகாரி கவலைப்பட்டிருக்க வேண்டும். எண் தெரிந்தால் விவகாரம் தீர்ந்தது என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். எங்கள் கூட்டத்தில் விவகாரம் ஆரம்பிப்பதே எண் தெரிந்த பிறகுதான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வே பணிமனையில் பெயிண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தவரிடம் போய், “ஐயா, ரயில் பெட்டியோட நீலம் எந்த நீலம்?” என்று கேட்டேன்.

“எந்தப் பெட்டி தம்பி? புதுசா வந்ததா, ஓவர்ஹால் முடிஞ்சு வந்ததா, ஓவர்ஹாலுக்குப் போகப் போறதா?”

“பொதுவா கேக்கறேன்யா.”

“பொதுவான்னு ஒரு பெட்டி கிடையாது தம்பி. டிரம்முல ஒரு நம்பர் போட்டிருக்கும். அடிச்ச அன்னிக்கு அந்த நம்பர். அப்புறம் வெயில் ஒரு நம்பர் போடும், மழை ஒரு நம்பர் போடும், பிட் லைன்ல தேய்க்கிறவன் ஒரு நம்பர் போடுவான்.”

சந்தேகம் தீர எழும்பூருக்குப் போய் நின்றேன். பெரியவர் சொன்னது குறைவு. ஒரே வண்டியில் அடுத்தடுத்து நின்ற இரண்டு பெட்டிகள்கூட ஒரே நீலத்தில் இல்லை. ஒன்று சாயம் போன பள்ளிக்கூடப் பாவாடை, பக்கத்தில் இருந்தது ஃபவுண்டன் பேனா மசி. கதவோரம் ஆயிரம் கைகள் தொட்டுத் தொட்டு மினுங்கியிருந்தது. பெட்டி எண்ணைத் திருத்தி எழுதிய இடத்தில் மட்டும் ஒரு நீள்சதுரம் புத்தம்புதிதாக இருந்தது. அடியில் முழங்கால் உயரத்துக்கு பிரேக் கட்டைத் தூள் படிந்து துருவின் நிறம் ஏறியிருந்தது. இதில் எதை நான் ‘சரியான நீலம்’ என்று கொண்டுபோவது? பிளாட்பார ஓரத்தில் உரிந்து விழுந்திருந்த ஒரு பெயிண்ட் சில்லைப் பொறுக்கிக்கொண்டேன். விரல் நகம் அளவு. அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேலே ஒரு நீலம், அதற்கடியில் இன்னொரு நீலம், அதற்கும் அடியில் சாம்பல் பிரைமர்.

ஐம்பதைத் தாண்டிய நண்பர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அவர்களுக்கு ரயில் என்றால் செங்காவி. 1955 அக்டோபர் 2இல் நேரு பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையைத் திறந்து வைத்த பிறகு பல்லாண்டுகள் அந்தச் சிவப்புதான் ஓடியது. வாக்குவம் பிரேக் போய் ஏர் பிரேக் வந்தபோது, இரண்டையும் தப்பித் தவறி ஒரே வண்டியில் கோத்துவிடக் கூடாது என்றுதான் தொண்ணூறுகளில் நீலம் வந்தது. அதாவது நான் உருகுகிற இந்த நீலம் அழகுக்காகப் பிறந்ததல்ல, எச்சரிக்கைப் பலகை. அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. 2018 ஜனவரியோடு இந்த வகைப் பெட்டி செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஓடுகிறவற்றிலும் பல சந்தனமும் மெரூனுமாக மாறிவிட்டன. சாட்சி குறையக் குறைய எங்கள் வாதம் வலுக்கிறது.

சரி, அசல் நிறமே கையில் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அதை அப்படியே அடிக்கக் கூடாது என்கிறது ஒரு கட்சி. பெரிய பரப்பில் பளிச்சென்று தெரிகிற நிறம், சின்னப் பரப்பில் அடித்தால் இருண்டு போகும். ரயிலை நாம் பார்ப்பது தூரத்திலிருந்து, நடுவில் காற்றும் தூசியும் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் வெள்ளை கலந்து வெளுப்பாக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். இதில் நியாயம் இருக்கிறது. அசல் கருநீலத்தில் அடித்த பெட்டி என் மேஜையில் கறுப்பாகத்தான் தெரிகிறது. எத்தனை சொட்டு வெள்ளை என்பதில்தான் அவர்கள் கட்சி உடைந்தது.

இங்கிலாந்துக்காரர்களைப் பார்த்தால் நம் பாடு தேவலை. 1870இல் பிரைட்டன் ரயில்வேக்கு இன்ஜின் தலைமைப் பொறுப்பில் வந்த வில்லியம் ஸ்ட்ரௌட்லி, தன் இன்ஜின்களின் நிறத்துக்கு ‘மேம்படுத்தப்பட்ட இன்ஜின் பச்சை’ என்று பெயர் வைத்தார். யார்க் ரயில்வே அருங்காட்சியகத்தில் அவருடைய 1882ஆம் வருடத்து ‘கிளாட்ஸ்டன்’ அதே நிறத்தில் நிற்கிறது. நல்ல மாம்பழ மஞ்சள். மனிதருக்கு நிறக்குருடு என்று ஒரு கதை உண்டு, நிரூபித்தவர் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது. மேலதிகாரி பச்சை என்றால் பச்சைதான். அந்தப் பச்சைக்குச் சரியான மஞ்சள் எது என்று அங்கேயும் மாடல் ரயில்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

நான் கலந்த நீலங்கள் ஜன்னல் திட்டில் குப்பி குப்பியாக நின்றன. ராத்திரி எல்.இ.டி. விளக்கில் சில்லோடு அச்சாகப் பொருந்தியது, காலை வெயிலில் ஊதாவாக நின்றது. விஞ்ஞானத்தில் இதை மெட்டாமெரிசம் என்பார்கள். இரண்டு சாயங்களின் சரக்கு வேறு வேறாக இருந்தால், ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிவது இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். இதை என் மனைவியிடம் விளக்கினேன். “கடைக்குள்ள பாத்த புடவையை வாசலுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்கிறது எதுக்காம்? அந்தச் சில்லைக் குடுங்க” என்றாள்.

மயிலாப்பூரில் ஒரு மேட்சிங் சென்டருக்குப் போனோம். சுவர் முழுக்க பிளவுஸ் துணி, நீலத்துக்கு மட்டும் தரையிலிருந்து கூரை வரை தனி அலமாரி. கவுன்ட்டரில் இருபது வயதுப் பையன்.

“பீஸ் எங்கக்கா?”

மனைவி சில்லை நீட்டினாள். அவன் எதுவும் கேட்கவில்லை. அவனிடம் இதைவிட விசித்திரமான பீஸ்களெல்லாம் வந்திருக்கும். உள்ளங்கையில் வைத்து ஒரு பார்வை பார்த்தான். அலமாரியில் மூன்று சுருள்களை உருவினான், மூன்றையும் வாசல்படிக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தான், இரண்டை அக்குளில் செருகிக்கொண்டான்.

“இதான்க்கா. டூ பை டூ ரூபியா. சாயம் போகாது. ஒரு மீட்டர் போதுமா? லைனிங் வேணுமா?”

நான் சில்லை அந்தத் துணி மேல் வைத்தேன். கண்ணுக்குக் காணாமல் போனது. ஐ.எஸ். 5ஐ மனப்பாடமாகச் சொல்கிற எங்கள் கூட்டத்தில் ஒருவராலும் இரண்டு நிமிடத்தில் இதைச் செய்ய முடியாது.

மொட்டை மாடியில் அந்தத் துணியைக் கொடியில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொட்டு சொட்டாகக் கலந்தேன். நீலம், துளி கறுப்பு, கடைசியாக வெள்ளை (எத்தனை சொட்டு என்று சொல்ல மாட்டேன், எதிர்க்கட்சியும் இதைப் படிக்கும்). பெட்டி இப்போது தண்டவாளத்தில் நிற்கிறது. ரூபியாவில் மனைவி பிளவுஸ் தைத்துக்கொண்டாள். அதற்கு மேட்சாக ஒரு பட்டுப்புடவை எடுக்க வேண்டியிருந்தது. பெட்டிக்கு என்ன செலவாச்சு என்று நண்பர்கள் கேட்டால் இருபது மில்லி பெயிண்டின் விலையைத்தான் சொல்கிறேன்.